பி வைட்டமின் போட்டால் தெம்பு வருமா? ஓய்விலும் ஓட்டத்திலும் சர்க்கரை போகும் வழி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஓடியாடிப் பயிற்சி செய்யும்போதும் உடல் சர்க்கரையைப் பயன்படுத்துவதில் பி வைட்டமின்களுக்கு என்ன பங்கு? பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் ஓட்டத்தில் தெம்பு கூடுமா, ரத்தச் சர்க்கரை இறங்குமா?

பங்கு மிகப் பெரியது. அவை இல்லாமல் ஒரு துளி குளுக்கோஸிலிருந்துகூட உடல் முழுப் பலனை எடுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே போதுமான அளவு உள்ள ஒருவர் மேலும் மேலும் விழுங்குவதால் தெம்பு கூடாது, சர்க்கரையும் இறங்காது. சில வைட்டமின்களை அளவு மீறி எடுத்தால் சர்க்கரை ஏறவும் செய்யும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கின்றன என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

சட்டை தைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தைக்கத் தைக்க நூல் தீர்ந்துகொண்டே வரும், ஊசி தீராது. குளுக்கோஸ் நூல் என்றால் பி வைட்டமின்கள் ஊசி. வைட்டமினில் கலோரி கிடையாது, அது எரிவதும் இல்லை. உடலுக்குள் போனதும் சிறிய மாற்றம் பெற்று, நொதி என்கிற புரதத்தோடு சேர்ந்து துணைநொதியாக வேலை செய்கிறது. ஒரு மூலக்கூறைக் கையாண்டு முடித்ததும் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்ததற்குத் தயாராகிவிடும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிராம் மாவுச்சத்தைச் செரித்து எரிக்கும் உடலுக்கு பி1 வெறும் 1.2 மில்லிகிராம் போதுமாக இருப்பது இதனால்தான். பெண்களுக்கு 1.1. ஊசி தொலைந்தால் நூல் மலைபோலக் குவிந்திருந்தும் தையல் நடக்காது. பத்து ஊசி வாங்கி வைத்தாலும் ஒரு சட்டை சீக்கிரம் முடிந்துவிடாது.

சரி, சர்க்கரை போகும் வழியைப் பார்ப்போம். செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸ் பத்துப் படிகளில் உடைந்து இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. நடுவில் ஒரு படியில் மட்டும் என்ஏடி என்ற துணைநொதி வேண்டும். அது பி3, அதாவது நியாசினிலிருந்து வருவது. இதுவரை கிடைக்கும் நிகர லாபம் இரண்டே இரண்டு ஏடிபி. செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் சக்தி நாணயம்தான் ஏடிபி. ஒரு குளுக்கோஸிலிருந்து மொத்தம் சுமார் 30 ஏடிபி எடுக்க முடியும் என்பதால், மீதியில் பெரும்பகுதி பைருவேட்டுக்குள்தான் அடைந்து கிடக்கிறது. அதை எடுக்க பைருவேட், செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அசிட்டைல் கோ-ஏ ஆக மாற வேண்டும்.

சர்க்கரை எரிவதற்கு வாசல் போன்ற அந்த ஒரு மாற்றத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பி வைட்டமின்களின் கதை முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அது இங்கேதான். பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற பெரிய நொதிக் கூட்டு இந்த வேலையைச் செய்கிறது. அதற்கு ஐந்து துணைநொதிகள் தேவை. அவற்றில் நான்கு பி வைட்டமின்களிலிருந்து வருகின்றன. முதலில் பி1-இலிருந்து உண்டான தயமின் பைரோபாஸ்பேட் பைருவேட்டைப் பிடித்து, அதிலிருந்து ஒரு கார்பனைக் கார்பன் டைஆக்ஸைடாகக் கழற்றுகிறது. மிஞ்சிய இரண்டு கார்பன் துண்டு லிப்போயிக் அமிலத்தின் கைக்கு மாறுகிறது. இந்த ஒன்றை மட்டும் உடலே தயாரித்துக்கொள்ளும். அங்கிருந்து அந்தத் துண்டு கோ-ஏ மீது ஏறுகிறது. கோ-ஏ என்பது பி5 கொண்டு கட்டப்பட்டது. பிறகு பி2-இலிருந்து வரும் எஃப்ஏடி, லிப்போயிக் அமிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. கடைசியில் பி3-இலிருந்து வரும் என்ஏடி எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் செங்கல் மாற்றுவது போல எல்லாம் ஒரே கூட்டுக்குள் நடக்கிறது. வரிசையில் ஒருவர் வராவிட்டால் செங்கல் அங்கேயே நின்றுவிடும்.

வரிசையில் முதலில் நிற்கிற பி1-தான் இருப்பு குறைவானதும். உடல் முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிகிராம்தான் இருக்கும். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் குறை தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் சர்க்கரையைப் பற்றிய எந்தப் பேச்சிலும் பி1 முன்னால் வந்து நிற்கிறது.

இதைக் கண்ணால் காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டில் வேலை செய்த ருடால்ஃப் பீட்டர்ஸ். காலம் 1930-களின் தொடக்கம். அதற்கு முன்பே, 1890-களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிட்டைச் சேர்த்தால் அவை தேறுவதையும் கவனித்திருந்தார். 1929-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அந்தக் குறை உடலுக்குள் எதை நிறுத்துகிறது என்பது தெரியாமலே இருந்தது. பீட்டர்ஸ் புறாக்களை எடுத்துக்கொண்டார். பி1 இல்லாத தீனியில் வளர்ந்த புறா ஒரு கட்டத்தில் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, தலை முதுகில் படும்படி விறைத்துப் போகும். அந்தப் புறாவின் மூளைத் திசுவைக் குளுக்கோஸ் கரைசலில் போட்டுப் பார்த்தபோது, நல்ல புறாவின் திசுவைவிடக் குறைவான ஆக்சிஜனையே அது எடுத்துக்கொண்டது. பைருவேட்டும், அதிலிருந்து உண்டாகும் லாக்டேட்டும், அதாவது லாக்டிக் அமிலமும், தேங்கின. அதே கண்ணாடிக் குப்பியில் சிறிது தயமினைச் சேர்த்ததும் திசு மறுபடி ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கியது. செல்கள் செத்துப் போயிருக்கவில்லை. சர்க்கரையும் இருந்தது, ஆக்சிஜனும் இருந்தது. நடுவில் ஒரு கண்ணி மட்டும் காணாமல் போயிருந்தது. இந்த நிலைக்கு அவர் உயிர்வேதியியல் புண் என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1937-இல் லோமனும் ஷூஸ்டரும் அந்தக் கண்ணி தயமின் பைரோபாஸ்பேட்தான் என்று கண்டுபிடித்தார்கள்.

இதே சோதனை மனிதர்களிடத்திலும் ஒருமுறை யாரும் விரும்பாமல் நடந்துவிட்டது. 1997-ஐ ஒட்டி அமெரிக்காவில், ரத்தக் குழாய் வழியாக உணவு செலுத்தப்படும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் வைட்டமின் ஊசிமருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. சிலருக்குக் குளுக்கோஸ் கரைசல் மட்டும் போய்க்கொண்டிருந்தது, வைட்டமின் போகவில்லை. அவர்களுக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. தயமின் கொடுத்ததும் பலருக்கு நிலைமை வேகமாகச் சீரானது. சர்க்கரை வரத்து அதிகம், வாசல் மூடியிருக்கிறது என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நெடுநாள் குடிப்பழக்கத்தாலோ பட்டினியாலோ உடல் வற்றிப் போனவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கவனமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். இல்லையென்றால் மிச்சமிருக்கும் கொஞ்சம் தயமினும் போதாமல் போய், வெர்னிக்கி நோய் என்ற மூளைப் பாதிப்பு வெளிப்படலாம்.

வாசலைத் தாண்டிய பிறகு, அசிட்டைல் கோ-ஏ எரிந்து முடியும் கிரெப்ஸ் சுழற்சியை வேகமாகக் கடந்துவிடலாம். அங்கேயும் ஒரு படிக்குத் தயமின் வேண்டும், சில படிகளுக்கு என்ஏடி, ஒரு படிக்கு எஃப்ஏடி. ஒரு குளுக்கோஸ் முழுவதும் எரிந்து முடியும்போது பத்து முறை என்ஏடியும் இரண்டு முறை எஃப்ஏடியும் எலக்ட்ரான்களைச் சுமந்து போய், கடைசியில் அவை ஆக்சிஜனிடம் சேரும்படி இறக்கியிருக்கும். நியாசினும் ரைபோஃபிளேவினும் சுமைதூக்கிகள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் உடல் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஓய்வெடுப்பது தசைதான், மூளை ஒருபோதும் ஓய்வெடுப்பதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை அது எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் மொத்தக் குளுக்கோஸ் ஐந்து கிராம்கூட இருக்காது, அதாவது ஒரு தேக்கரண்டி. அந்தத் தேக்கரண்டி காலியாகாமல் இரவு முழுவதும் நிரப்பிக்கொண்டே இருப்பது கல்லீரல். தூங்கும்போது தசைகள் பெரும்பாலும் கொழுப்பை எரித்துக்கொண்டு சர்க்கரையை மூளைக்கு விட்டுக்கொடுக்கின்றன. கொழுப்பை எரிக்கவும் எஃப்ஏடி, என்ஏடி, கோ-ஏ மூன்றும் வேண்டும் என்பதால் பி2, பி3, பி5 அங்கேயும் வேலையில் இருக்கும்.

கல்லீரல் இரண்டு வழியில் நிரப்புகிறது. ஒன்று, சேமித்து வைத்த சுமார் 100 கிராம் கிளைக்கோஜனை, அதாவது குளுக்கோஸ் சங்கிலியை, உடைப்பது. அந்த வேலையைச் செய்யும் பாஸ்போரிலேஸ் நொதிக்குள் பி6 பொதிந்திருக்கிறது. இரண்டாவது வழி, சர்க்கரை அல்லாததிலிருந்து சர்க்கரை செய்வது. தசையிலிருந்து வரும் அலனின் என்ற அமினோ அமிலம் கல்லீரலில் பைருவேட்டாக மாற வேண்டும், அதற்கும் பி6 வேண்டும். அந்தப் பைருவேட் மறுபடி மேலே ஏறிக் குளுக்கோஸ் ஆக வேண்டுமானால், முதல் படியில் பயோட்டின், அதாவது பி7 கொண்ட பைருவேட் கார்பாக்ஸிலேஸ் நொதி அதற்கு ஒரு கார்பனைச் சேர்த்தாக வேண்டும். ஆக, பைருவேட் ஒரு முச்சந்தி. பி1 வழியாகப் போனால் எரிந்துவிடும், பி7 வழியாகப் போனால் மறுபடி சர்க்கரையாகும். எந்த வழி திறந்திருக்க வேண்டும் என்பதை இன்சுலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்களும் செல்லின் சக்தி நிலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வைட்டமின்கள் அந்த முடிவை எடுப்பதில்லை, எடுத்த முடிவை நிறைவேற்றுகின்றன. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், வைட்டமின் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை எங்கே வழுக்குகிறது என்பது தானாகப் புரியும்.

சாப்பிட்ட பிறகும் ஓய்வுதான், ஆனால் வேறு மாதிரி ஓய்வு. இன்சுலின் ஏறுகிறது, பைருவேட் வாசல் அகலமாகத் திறக்கிறது, தசையும் கல்லீரலும் கிளைக்கோஜனைக் கட்டுகின்றன. அப்போது பி1-க்கு இன்னொரு வேலையும் உண்டு. குளுக்கோஸ் நேர்வழியில் போகாமல் பக்கவாட்டில் பிரிந்து போகும் ஒரு பாதை இருக்கிறது. அதில் உள்ள டிரான்ஸ்கீட்டோலேஸ் என்ற நொதிக்கும் தயமின் வேண்டும். ஆய்வகத்தில் ஒருவருக்கு பி1 போதுமா என்று பார்க்க இந்த நொதியைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பணுவிலுள்ள நொதியின் வேகத்தை அளந்துவிட்டு, அதன்மேல் தயமின் பைரோபாஸ்பேட்டைச் சேர்த்து மறுபடி அளப்பார்கள். வேகம் நன்றாகக் கூடினால் நொதி ஏற்கெனவே பட்டினி கிடந்தது என்று பொருள். கூடாவிட்டால் இருந்ததே போதுமாயிருந்தது. நம் கேள்விக்கான விடை முழுவதும் இந்தச் சின்னச் சோதனைக் குழாய்க்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். காலி இடம் இருந்தால்தான் சேர்ப்பது வேலை செய்யும்.

அப்புறம் உடற்பயிற்சி. நான்கு மாடிகளை ஓட்டமாக ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நொடிகள் தசையில் தயாராக இருக்கும் ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் தாங்கும். ஆனால் அவை தீரும்வரை உடல் காத்திருப்பதில்லை. தசை சுருங்குவதற்காக வெளியே விடப்படும் அதே கால்சியம், கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்போரிலேஸையும் தட்டி எழுப்பிவிடுகிறது. முதல் மாடி தாண்டும் முன்பே கிளைக்கோஜன் உடைய ஆரம்பித்துவிடும். உடலிலுள்ள பி6-இல் பெரும்பங்கு, ஏறக்குறைய ஐந்தில் நான்கு, தசைகளில் இருக்கிறது. அதிலும் பெரும்பாலானது இந்த ஒரு நொதியோடு ஒட்டியிருக்கிறது. இதற்கு ஒரு சான்று உண்டு. 1951-இல் மெக்ஆர்டில் என்ற மருத்துவர் விவரித்த ஒரு பரம்பரை நோயில் தசையில் இந்த நொதியே இருக்காது. அந்த நோயாளிகளால் கிளைக்கோஜனை உடைக்க முடியாது, கொஞ்சம் வேகமாக நடந்தாலே தசை பிடித்துக்கொள்ளும். அவர்களுடைய தசையில் பி6 அளவும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வைத்திருக்க இடமில்லாததால் வைட்டமினும் தங்கவில்லை.

அப்படியென்றால் பி6 குறைந்தால் கிளைக்கோஜன் உடைவதும் உடனே நின்றுவிடுமா? இங்கே உடல் நாம் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்கிறது. எலிகளுக்கு பி6 இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். தசையிலிருந்த பாஸ்போரிலேஸ் அப்படியே இருந்தது. மொத்தத் தீனியையும் குறைத்துப் பட்டினி போட்டபோதுதான் நொதி குறைந்து பி6 வெளியே வந்தது. பட்டினியில் புரதத்திலிருந்து சர்க்கரை செய்யக் கல்லீரலுக்கு பி6 தேவைப்படும் நேரமும் அதுதான். ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் மனிதர்களின் ரத்தத்திலும் பி6-இன் துணைநொதி வடிவம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள்.

மூன்றாவது மாடி. கிளைக்கோஜன் வேகமாக உடைகிறது, பைருவேட் பெருகுகிறது. கால்சியம் பைருவேட் வாசலையும் திறந்துவிடுகிறது என்றாலும் வரத்து அதைவிட வேகம். இந்த நேரத்தில் ஒரு சிக்கல் வரும். குளுக்கோஸ் உடையும் பாதையில் ஒரு படிக்கு என்ஏடி வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? எலக்ட்ரான்களைத் தூக்கிக்கொண்ட என்ஏடி, இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றால் முழுப் பாதையும் அடைத்துக்கொள்ளும். செல்லில் இருக்கும் என்ஏடி கொஞ்சம்தான். அதனால் தசை அந்த எலக்ட்ரான்களைப் பைருவேட்டின் மேலேயே இறக்கி, அதை லாக்டேட் ஆக்கி, என்ஏடியை விடுவிக்கிறது. மேலே போய் மூச்சு வாங்க நிற்கும்போது அந்த லாக்டேட் ரத்தத்தில் ஏறியிருக்கும். அதைக் கழிவு என்றும் விஷம் என்றும் பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. இதயமும் மற்றத் தசைகளும் அதை எடுத்து எரிக்கும், கல்லீரல் அதை எடுத்து பயோட்டின் உதவியோடு மறுபடி குளுக்கோஸ் ஆக்கும். நன்றாக ஆரோக்கியமாக இருப்பவருக்கும் வேகமாக ஏறினால் லாக்டேட் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்து தயமின் குறை என்று பயப்பட வேண்டியதில்லை.

குறை இருப்பவரிடம் தெரியும் வித்தியாசம் வேறு. இரண்டாவது மாடியிலேயே, அல்லது சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போதே லாக்டேட் ஏறத் தொடங்கும். நெதர்லாந்தில் வான் டெர் பேக் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காட்டியது. ஆரோக்கியமான ஆண்களுக்கு எட்டு வாரம் பி1, பி2, பி6, சி ஆகிய நான்கு வைட்டமின்களும் குறைவாக உள்ள உணவைக் கொடுத்தார்கள். அவர்கள் எட்டக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் லாக்டேட் தேங்கத் தொடங்கும் வேலைப்பளுவின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் கீழே இறங்கியது. நோயென்று சொல்லும்படி அவர்களுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. நடமாட்டத்திலோ உட்கார்ந்து செய்யும் வேலையிலோ தெரியாத குறை பயிற்சியில் தெரிந்தது. ஓய்வில் ஊசி ஒன்று குறைந்தாலும் சமாளித்துவிடலாம், பயிற்சியில் தையல் நின்றுவிடும்.

நீண்ட நேரப் பயிற்சி வேறு கதை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓடும்போது கல்லீரல் குளுக்கோஸ் விடும் வேகம் ஓய்வில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்காகும், கடினமாக ஓடினால் அதற்கும் மேலே போகும். தசைகள் இன்சுலின் அதிகம் இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி நல்லது என்பதற்கு இது முக்கியமான காரணம். கூடவே கொழுப்பும் எரிகிறது. சர்க்கரைக் கையிருப்பு சீக்கிரம் தீராமல் காப்பது அந்தக் கொழுப்புதான். இதில் ஒருவர் கை வைத்தால் என்ன ஆகும்? நியாசினில் நிக்கோடினிக் அமிலம் என்ற வடிவத்தைப் பெரிய அளவில், கிராம் கணக்கில் எடுத்தால், கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலம் வெளியே வருவதை அது அடைத்துவிடும். முகமும் கழுத்தும் சிவந்து எரியும் வடிவம் இதுதான். கொழுப்பு வராததால் தசை அதிகமாகக் கிளைக்கோஜனை எரிக்கும், கையிருப்பு சீக்கிரம் தீரும். தெம்புக்காகப் போட்ட வைட்டமின், நெடுந்தூர ஓட்டக்காரரைச் சீக்கிரம் களைக்க வைக்கும். பி3-இன் இன்னொரு வடிவமான நிக்கோடினமைடுக்கு இந்தக் குணம் கிடையாது. இரண்டும் பெட்டியில் ஒரே பெயரில், பி3 என்று இருக்கலாம் என்பதால் எந்த வடிவம் என்று பார்த்து வாங்குவது நல்லது.

பி9 எனும் ஃபோலேட்டும் பி12-உம் இந்தக் கதையில் எங்கே வருகின்றன? குளுக்கோஸ் எரியும் பாதையில் நேரடியாக வருவதில்லை. ஆனால் சிவப்பணு உருவாக இரண்டும் வேண்டும். சிவப்பணு குறைந்தால் தசைக்கு ஆக்சிஜன் குறையும், எலக்ட்ரான்களை இறக்கி வைக்க இடமில்லாமல் போகும், லாக்டேட் ஏறும். வேறு வாசல் வழியாக வந்தாலும் முடிவில் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

பயிற்சி செய்பவர்களுக்கு அதிகம் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. கொஞ்சம் அதிகம் தேவை, ஆனால் பெரும்பாலும் சாப்பாட்டிலேயே அது வந்துவிடும். பி1 தேவையை 1000 கலோரிக்கு சுமார் 0.5 மில்லிகிராம் என்று கணக்கிடுவது வழக்கம். 2000 கலோரி எரிப்பவர் 3500 எரிக்கத் தொடங்கினால் 1 மில்லிகிராம் என்பது 1.75 ஆகும். அந்தக் கூடுதல் 1500 கலோரி முழுத்தானியம், பருப்பு, விதை, முட்டை, இறைச்சி என்று வந்தால் வைட்டமினும் கூடவே வந்துவிடும். வெறும் சர்க்கரைப் பானமாக வந்தால் நூல் மட்டும் வருகிறது, ஊசி வரவில்லை. மொத்த கலோரியை மாற்றாமல் மாவுச்சத்தின் பங்கை மட்டும் 55 சதவீதத்திலிருந்து 75 வரை ஏற்றிப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 2001-இல் வந்தது. அதில் ரத்தத்திலும் சிறுநீரிலும் தயமின் அளவு இறங்கியது. ரைபோஃபிளேவினைப் பற்றி 1980-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளம் பெண்களிடம் செய்த ஆய்வுகளும் இதே வகை. பயிற்சி தொடங்கியதும் அவர்களுடைய பி2 தேவை கூடியது உண்மை. ஆனால் அதிகம் கொடுத்ததால் ஓடும் திறன் கூடவில்லை. மிஞ்சியது சிறுநீரை மஞ்சளாக்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

சக்தி பானங்களைக் குடித்ததும் தெம்பு வருவதாகப் பலர் சொல்கிறார்கள். அது பொய்யான உணர்வு இல்லை. ஆனால் அந்தத் தெம்பு காஃபினிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது. குப்பியில் எழுதியிருக்கும் பி6, பி12 சதவீதங்களைப் பார்த்து நன்றியை அங்கே செலுத்திவிடுகிறோம்.

அளவு மீறுவதைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் தண்ணீரில் கரையும் வைட்டமின் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கிராம் கணக்கில் நியாசின் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. கொலஸ்டிராலுக்காக நியாசின் கொடுத்துச் சுமார் 25,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது கட்டுமீறுவதும், இல்லாதவர்களுக்குப் புதிதாக வருவதும் அதில் கூடியிருந்தன. பி6-ஐ நெடுநாள் அதிகம் எடுத்தால் கை கால் நரம்புகள் மரத்துப் போகும். அமெரிக்கா உச்ச வரம்பை 100 மில்லிகிராம் என்று வைத்திருக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மில்லிகிராமாக இறக்கியது. தினத் தேவை 1.3 மட்டுமே. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு பி6, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த கனடா ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகம் வேகமாகக் கெட்டது. நல்லது செய்யும் என்று நினைத்துத்தான் அந்த ஆய்வையே தொடங்கினார்கள்.

அப்படியானால் யாருக்கு மாத்திரை உண்மையில் பயன்படும்? காலி இடம் உள்ளவர்களுக்கு. நெடுநாள் மது அருந்துபவர்கள், இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடலிலிருந்து நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்கள், எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கும் விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு பி1 குறைய வாய்ப்பு அதிகம். பால், முட்டை, இறைச்சி எதுவும் தொடாதவர்களுக்கு பி12 கட்டாயம் வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம் தயமினை வழக்கத்தைவிட அதிகமாக வெளியே விட்டுவிடுகிறது, அதனால் அவர்கள் ரத்தத்தில் அதன் அளவு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குறையைச் சரி செய்வது நியாயம். அதைச் செய்துவிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாசலைத் திறந்து வைப்பது வேறு, வாசல் வரை சர்க்கரையைக் கொண்டு வரும் இன்சுலின் வேலை வேறு.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வரி. அந்த மருந்து வருடக்கணக்கில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பாதம் மரத்துப் போவதைச் சர்க்கரையால் வந்தது என்று விட்டுவிடாமல் ஒருமுறை பி12 அளந்து பாருங்கள். பி12 அல்லது ஃபோலேட் குறைந்து ரத்தசோகை வந்திருந்தால், புதிய சிவப்பணுக்கள் குறைவாக உருவாவதால் பழையவை அதிகம் சுற்றிக்கொண்டிருக்கும். அவை நீண்ட நாள் சர்க்கரையில் ஊறியவை. அதனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். குறையைச் சரி செய்ததும் அந்த எண் இறங்கும், சர்க்கரை அப்படியே இருந்தாலும்கூட. இதைத்தான் சிலர் பி12 ஊசி போட்டேன், சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது முடி வளர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய அளவு பயோட்டின் தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோபோனின் போன்ற சில சோதனைகளில் தவறான எண்ணைக் காட்டவைக்கும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது நீங்கள் எடுக்கும் அளவைப் பொறுத்தது, அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.